தூக்கிப் போடும் பட்டுக்கூட்டில் பிச்சிப்பூ: குமரி மாவட்டத்தில் கைவினை செய்து விற்க ஒரு முழுமையான வழிகாட்டி

தோவாளைச் சந்தைக்கு விடியற்காலையில் போனவர்களுக்குத் தெரியும். பிச்சி, கிரேந்தி, அரளி, சம்பங்கி, கொழுந்து என்று மலையாகக் குவிந்திருக்கும் பூ, வெயில் ஏறுவதற்குள் கைமாறிவிட வேண்டும். மத்தியானம் தாண்டினால் அதற்கு விலையே இல்லை. வாடாத பிச்சிப்பூ ஒன்றைக் கையால் செய்ய முடியுமா என்றால், முடியும். நூல் எடுப்பவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கும் பட்டுக்கூடு அதற்குப் போதும்.

சில வருடங்களாக இதைச் செய்கிறேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் சிலருக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். நானும் சரி, அவர்களும் சரி, சறுக்கியது இரண்டே இடத்தில்தான். ஒன்று, கூட்டைச் சரியாகக் காயவைக்காதது. இன்னொன்று, பூவைப் பார்க்காமல் பூ செய்தது. இரண்டு மழையும் பெய்யும் மாவட்டம் நம்முடையது, அதனால் முதல் தவறு இங்கே சுலபமாக நடக்கும். ஆனால் பூவைக் கண்ணாலும் கையாலும் அறிந்தவர்கள் நம் ஊரில் இருக்கிற அளவுக்கு வேறு எங்கும் இல்லை, அதனால் இரண்டாவது தவறை நாம் செய்யவே கூடாது. கீழே எழுதுவதில் இந்த இரண்டுக்கும்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எந்தக் கூடு, ஏன் ஒதுக்கப்படுகிறது

பட்டுப்புழு கூடு கட்டுவது அறுபடாத ஒரே இழையால். நல்ல வெண்பட்டுக்கூட்டில் அந்த இழை 1,000 மீட்டருக்கு மேல் ஓடும். கூட்டை வெந்நீரில் இளக்கி, இழையின் முனையைப் பிடித்து உருவி எடுப்பதுதான் நூற்பு. இழை நடுவில் அறுந்திருந்தாலோ சிக்கியிருந்தாலோ அந்தக் கூடு நூற்புக்கு ஆகாது.

அப்படி ஆகாமல் போகும் கூடுகளில் நமக்கு மிகவும் நல்லது துளைக்கூடு. பட்டு முட்டை தயாரிக்கும் வித்தகங்களில் அந்துப்பூச்சியை வெளியே வரவிட்டுத்தான் முட்டை எடுப்பார்கள். பூச்சி ஒரு திரவத்தை உமிழ்ந்து கூட்டின் ஒரு முனையை இளக்கி, துளைத்துக்கொண்டு வரும். அதே வித்தகங்களில் ஆண், பெண் கூட்டுப்புழுக்களைப் பிரிப்பதற்காக முனையைச் சீவிய வெட்டுக்கூடும் கிடைக்கும். இரண்டுமே உள்ளே காலி, சுவர் கெட்டி, நாற்றம் குறைவு.

அடுத்தது இரட்டைக்கூடு. இரண்டு புழுக்கள் சேர்ந்து கட்டியது, பெரிதாக, சற்றுக் கரடுமுரடாக இருக்கும். தாமரை இதழுக்கும் பொம்மை உடம்புக்கும் இதை விட்டால் வேறு இல்லை. கறைக்கூட்டை அடர் சாயத்துக்கு ஒதுக்கலாம். உள்ளே புழு செத்து உருகி, சுவரெல்லாம் பழுப்பு ஊறிய கூடு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். எத்தனை முறை கழுவினாலும் மழைக்காலத்தில் அந்த வாடை திரும்ப வரும்.

பட்டு இழைக்குள் இரண்டு புரதங்கள் இருக்கின்றன. நடுவில் இருப்பது ஃபைப்ராயின். அதைச் சுற்றிப் பசை போல இருப்பது செரிசின், எடையில் 20 முதல் 30 சதவீதம் வரை. சேலை நெய்கிறவர்கள் இந்தப் பசையைப் போக்கத்தான் பாடுபடுகிறார்கள். நமக்கோ அதுதான் உயிர். கூடு விறைப்பாக நிற்பதும், நனைத்து வளைத்தால் வளைந்தபடியே காய்வதும் செரிசினால்தான். கொதிநீரும் சோடாவும் அதைக் கரைத்துவிடும். அதனால் கூட்டைக் கொதிக்க விடக் கூடாது, சோடா உப்பு போடக் கூடாது. மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

கூடு வாங்குவது

நம் மாவட்டத்தில் மல்பெரி பயிரிடுபவர்கள் குறைவு. ரப்பரும் தென்னையும் வாழையுமே இங்கே அதிகம். அதனால் கூடு பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வர வேண்டும். தென்காசி, தேனிப் பக்கத்து விவசாயிகளிடம் அறுவடை முடிந்ததும் தரம் பிரித்து ஒதுக்கிய கூட்டைக் கேட்டு வாங்கலாம். தருமபுரி போன்ற இடங்களில் அரசு பட்டுக்கூடு அங்காடிகள் இருக்கின்றன. துளைக்கூடு வேண்டுமென்றால் வித்தகங்களைத்தான் கேட்க வேண்டும். யாரை அணுகுவது என்று தெரியாவிட்டால், சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு அரசின் பட்டு வளர்ச்சித் துறையில் கேளுங்கள். பெங்களூரில் மத்திய பட்டு வாரியமும், மைசூரில் அதன் ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனமும் இருக்கின்றன. கூட்டின் துணைப்பொருள்களைப் பற்றிய பயிற்சி நடக்கிறதா என்று அங்கேயும் விசாரித்து வைக்கலாம்.

விவசாயியிடம் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். உள்ளே கூட்டுப்புழு உயிரோடு இருந்தால் பத்துப் பன்னிரண்டு நாளில் பூச்சியாகி வெளியே வந்துவிடும். கூடு உங்கள் கைக்கு வந்த அன்றோ மறுநாளோ முனையை வெட்டிப் புழுவை எடுத்துவிட வேண்டும். எடுத்ததைக் கோழிக்குப் போடலாம், புரதச் சத்து நிறைந்த தீனி.

எவ்வளவு வாங்குவது? உயிர்ப்புழுவோடு ஒரு வெண்பட்டுக்கூடு ஒன்றரை முதல் 2 கிராம் இருக்கும். ஓடு மட்டும் 0.3 முதல் 0.4 கிராம். அப்படியானால் காலிக்கூடு ஒரு கிலோ வாங்கினால் 2,500 முதல் 3,300 கூடு வரை வரும். ஒரு பெரிய உரச்சாக்கில் பாதியை அடைத்துக்கொள்ளும். முதல்முறை அரைக் கிலோ போதும்.

பிரிப்பது, வெட்டுவது, கழுவுவது

வெளிச்சமான இடத்தில் பழைய வேட்டியை விரித்துக் கூட்டைக் கொட்டுங்கள். வெள்ளை, மஞ்சள், கறை என்று முதலில் நிறத்தைப் பாருங்கள். அப்புறம் கூட்டை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து மெல்ல அழுத்துங்கள். நொறுங்காமல் எதிர்த்து நிற்பது இதழுக்கு. அமுங்கிப் போவது தேய்த்துத் தகடாக்குவதற்கு.

மேலே ஒட்டியிருக்கும் பஞ்சை விரலால் உருட்டி எடுத்துவிடுங்கள். அதை எறிய வேண்டாம், குட்டிப் பொம்மைக்கு முடியாகவும், கிறிஸ்துமஸ் குடிலில் மேகமாகவும் வைக்கலாம். துளைக்கூட்டுக்குள்ளும் புழு கழற்றிப் போட்ட தோல் ஒரு கறுப்புச் சுருளாகக் கிடக்கும். முனையைச் சிறிய கூர்மையான கத்தரியால் வெட்டித் தட்டினால் விழுந்துவிடும். இந்த வேலையை மூக்கை மூடிக்கொண்டு, ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து செய்யுங்கள். பட்டுத் தூசு சிலருக்கு இருமலும் இழுப்பும் கொண்டுவரும். ஆஸ்துமா இருப்பவர்கள் இந்தக் கட்டத்தை வேறு யாரிடமாவது விட்டுவிடுவது நல்லது.

கழுவ வெதுவெதுப்பான நீரும், பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் ஒன்றிரண்டு சொட்டும் போதும். கூடு மிதக்கும், உடனே நனையாது. ஒரு தட்டைக் கவிழ்த்து அமுக்கி வைத்து, பத்து நிமிடம் கழித்து அலசுங்கள். கறை போக வேண்டுமென்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடைத் தண்ணீரில் கலந்து முக்கலாம். துணிக்குப் போடும் பிளீச்சிங் பவுடர் கரைசல் மட்டும் கூடவே கூடாது. குளோரின் பட்டு இழையையே அரித்துத் தின்றுவிடும்.

காயவைப்பது

நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். முதல் வருடம் வைகாசிக் கடைசியில் 240 பூ செய்து முடித்தேன். கைக்குக் காய்ந்தது போலத்தான் இருந்தது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்கி, மூடி, அலமாரி மேல் வைத்தேன். ஆனிச் சாரல் இரண்டு வாரம் விடாமல் பெய்தது. திறந்து பார்த்தபோது மேல் அடுக்கில் சாம்பல் பூத்தது போலப் பூஞ்சை. அடி அடுக்கில் இதழ் ஓரமெல்லாம் சல்லடையாகியிருந்தது. பழுப்பு மயிரடர்ந்த சிறு புழுக்கள் நெளிந்தன. காய்ந்த கூட்டைத் தின்னும் ஒரு வண்டின் புழு அது, பட்டுத் தொழிலில் டெர்மஸ்டிட் வண்டு என்பார்கள். வண்டின் முட்டை, வாங்கிய கூட்டிலேயே இருந்திருக்கிறது. மூன்று மாத உழைப்பை அன்று சாயங்காலம் அடுப்பில் போட்டேன்.

அதற்குப் பிறகு நான் மாற்றாமல் செய்து வருவது இது. கழுவிய கூட்டை வெட்டுவாய் கீழே பார்க்கும்படி பனைநார்ப் பெட்டியிலோ சல்லடையிலோ ஒற்றை அடுக்காகப் பரப்பி, காற்றோட்டமான நிழலில் இரண்டு நாள் வைக்கிறேன். நேர் வெயிலில் வெண்பட்டு மஞ்சளடிக்கும், அதனால் மாடியில் காயப் போடுவதானாலும் மேலே ஒரு மெல்லிய துணி கட்டுவேன். மழைக்காலத்தில் நிழல் காய்ச்சல் போதவே போதாது. பழைய மரப்பெட்டி ஒன்றில் மேலும் கீழும் துளையிட்டு, 40 வாட்ஸ் குண்டு பல்பு மாட்டி வைத்திருக்கிறேன். பல்புக்கும் கூட்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருக்கும். கூட்டைக் கம்பிவலைத் தட்டில் வைத்து நாலைந்து மணி நேரம் விடுவேன். பல்பு எரியும்போது வீட்டில் ஆள் இருக்க வேண்டும்.

ரப்பர் வைத்திருக்கும் வீடுகளில் ஷீட் புகைபோடும் புரை இருக்கும். அதில் வைத்தால் சட்டென்று காயுமே என்று தோன்றும். வைக்காதீர்கள். புகையின் நிறமும் வாடையும் பட்டில் ஏறினால் இறங்காது.

சரி, காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு கை நிறைய அள்ளிக் குலுக்குங்கள். காய்ந்த கூடு கலகலவென்று, நிலக்கடலைத் தோல் போலச் சத்தம் போடும். ஈரம் இருந்தால் பொத்தென்று இருக்கும். இன்னும் உறுதியாக வேண்டுமென்றால் தராசில் நிறுத்து, மறுபடி இரண்டு மணி நேரம் காயவைத்து நிறுத்துப் பாருங்கள். எடை குறையாவிட்டால் காய்ந்துவிட்டது.

வண்டுக்கு மருந்து குளிர். காய்ந்த கூட்டைப் பிளாஸ்டிக் உறையில் இறுக்கி மூடி, ஃப்ரீசரில் குறைந்தது ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் உறையைத் திறக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வரும் வரை அப்படியே விட வேண்டும், இல்லையென்றால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். பிறகு ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் மாற்றி, மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

சாயம்

பட்டு புரத இழை, அதனால் பட்டுக்கும் கம்பளிக்கும் போடும் ஆசிட் சாயம்தான் நன்றாக ஒட்டும். பருத்திச் சாயம் வாங்கி ஏமாறாதீர்கள். வெட்டிய கூடு 100 கிராம் என்றால் மூன்று லிட்டர் தண்ணீர், ஒன்று முதல் இரண்டு கிராம் சாயம், ஐந்தாறு கரண்டி வினிகர். கூட்டை முதலில் சோப்புச் சொட்டு விட்ட நீரில் நன்றாக நனைத்துவிடுங்கள், இல்லையென்றால் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீர் ஆவி பறக்க வேண்டும், குமிழ் வரக் கூடாது. இருபது நிமிடம் கிளறி, அடுப்பை அணைத்து, அந்த நீரிலேயே ஆறவிட்டு எடுங்கள். சமையலுக்கு அந்தப் பாத்திரம் மறுபடி வேண்டாம்.

இயற்கைச் சாயத்துக்குத் தனியாக வாங்குபவர்கள் உண்டு. 100 கிராம் கூட்டுக்கு 10 முதல் 15 கிராம் படிகாரத்தை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, கூட்டை இரவு முழுக்க ஊறவைத்தால் நிறம் பிடித்து நிற்கும். வெங்காயச் சருகு பொன்னிறம் தரும். மாதுளைத் தோல் மங்கிய மஞ்சள். நம் பக்கத்து வீடுகளில் குடிநீருக்குப் போடும் பதிமுகம் அழகான சிவப்பு தரும், ஆனால் அது தண்ணீரைப் பொறுத்தது. காரத்தன்மையுள்ள ஆழ்குழாய்த் தண்ணீரில் ஊதாப் பக்கம் சாயும், புளிப்பு சேர்ந்தால் ஆரஞ்சுப் பக்கம் போகும். அதனால் பதிமுகத்துக்கு நான் மழைநீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறேன். மஞ்சள்தூள் பார்க்கப் பளிச்சென்று இருக்கும், வெயிலில் நிற்காது. மஞ்சள் சாயம் போட்ட பூக்களை ஒரு கடைக்காரரிடம் கொடுத்தேன், அவர் கண்ணாடி அலமாரியில் வெயில்படும் பக்கம் அடுக்கிவிட்டார். ஒரே மாதத்தில் வெளுத்துத் திரும்பி வந்தது. வெயில்படும் இடத்துக்குப் போகும் பொருளுக்கு ஆசிட் சாயமே சரி.

பூ செய்வது

நான் செய்த முதல் பிச்சிப்பூவை, தோவாளையில் முப்பது வருடமாகப் பூக்கட்டும் ஒரு பாட்டியிடம் பெருமையாகக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மக்ளே, இது பிச்சியா, நந்தியாவட்டையா?" என்று கேட்டார். அப்புறம் மடியிலிருந்த குவியலில் ஒரு மொட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "இதழுக்குப் பின்பக்கம் பாரு. வெள்ளையா?" வெள்ளை இல்லை. மெல்லிய ரோஸ் நிறம் ஓடியிருந்தது. காம்பு நான் நினைத்ததைவிட நீளம். இதழ் அடியில் ஒடுங்கி, நடுவில் அகன்று, நுனியில் சற்றே கூராகிறது. இத்தனை வருடம் தலையில் வைத்த பூவை அன்றுதான் பார்த்தேன்.

அதனால் முதல் வேலை, செய்யப் போகும் பூவை நாலு எண்ணம் வாங்குங்கள். ஒன்றைப் பிரித்து இதழ்களைக் காகிதத்தில் வைத்து ஓரம் வரையுங்கள். அதுவே உங்கள் அளவு.

பிச்சிக்குக் கூட்டின் சுவர் முழுசாக ஆகாது, தடிமன் அதிகம். கூட்டை நீளவாக்கில் பிளந்து, ஓரத்தை நகத்தால் கீறினால் சுவர் அடுக்கடுக்காகப் பிரியும். கடைசி உள்ளடுக்கு வெங்காயத் தோல் போல ஒளி ஊடுருவும். அந்த உள்ளடுக்கில் ஐந்து இதழ் வெட்டுங்கள். நீர்த்த ரோஸ் சாயத்தில் தூரிகையைத் தொட்டு, இதழின் பின்பக்கம் நடுவில் ஒரு கோடு இழுத்தால் தானே பரவும். காய்வதற்குள் ஒவ்வொரு இதழையும் ஆள்காட்டி விரல் நுனியில் வைத்துக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்துங்கள். மெல்லிய குழிவு விழும், செரிசின் அதை அப்படியே பிடித்துக்கொள்ளும். மெல்லிய கம்பி நுனியில் மஞ்சள் நூல் முடிச்சுப் போட்டு, சுற்றி ஐந்து இதழையும் ஒன்றன் ஓரம் இன்னொன்றின் மேல் ஏறும்படி ஒட்டி, கீழே வெளிறிய பச்சை டேப்பைச் சுற்றினால் பிச்சி.

ரோஜா இதைவிடச் சுலபம், அதனால் புதிதாகத் தொடங்குபவர்கள் ரோஜாவில் கைபழகலாம். ஒரு கூட்டை நீளவாக்கில் பிளந்தால் படகு போல இரண்டு இதழ். ஒன்றைச் சுருட்டி மொட்டாக்கி, அதைச் சுற்றி மூன்று, பிறகு ஐந்து, பிறகு ஏழு. எட்டுக் கூட்டில் ஒரு நடுத்தர ரோஜா முடிந்துவிடும். வெளி இதழ்களின் விளிம்பை நனைத்து, பென்சிலில் சுற்றி வெளிப்பக்கம் மடக்கினால் உயிர் வந்துவிடும். தாமரைக்கு இரட்டைக்கூடு. அமுங்கிப் போன கூடுகளைப் பிளந்து, நனைத்து, துணிக்கு நடுவில் வைத்து மிதமான சூட்டில் இஸ்திரி போட்டால் தட்டையான பட்டுத் தகடு கிடைக்கும், இலைக்கு அதுதான்.

தட்டைத் தகட்டை மடித்து, மாணிக்கமாலைக்கு அரளியை மடிக்கும் அதே கைப்பக்குவத்தில் மாலையும் செய்யலாம், கல் பதித்தது போலவே வரும். பெயரில் மட்டும் கவனம் வேண்டும். தோவாளை மாணிக்கமாலை 2025இல் புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது, அது மெய்யான பூவில் கட்டும் மாலைக்கு உரிய பெயர். நம் பொருளைப் "பட்டுக்கூட்டு மாலை" என்றே எழுதி விற்போம். அந்தக் கலையைக் காத்து வந்தவர்களுக்கு நாம் தர வேண்டிய மரியாதை அது.

பசையைப் பொறுத்தவரை க்ளூ கன் வேகமானது, ஆனால் பூட்டிய கார், வெயில் பட்ட கடை இரண்டிலும் இளகும். இதழுக்குத் துணி ஒட்டும் பசை, கம்மல், புரோச் போன்றவற்றில் உலோகம் சேரும் இடத்துக்கு பி-7000 வகைப் பசை. கம்மலுக்கு நிக்கல் இல்லாத கொக்கி வாங்குங்கள், காது புண்ணானால் அந்த வாடிக்கையாளர் திரும்ப வரமாட்டார். பூ தவிர சாவிக்கொத்து, முடிக்கிளிப், விரல் பொம்மை, குடில் பொம்மை, நட்சத்திரம் என்று எவ்வளவோ செய்யலாம். ஆனால் முதல் ஆறு மாதம் மூன்று பொருளுக்கு மேல் வேண்டாம். கை ஓடும் வேகத்தில்தான் கூலி இருக்கிறது.

விலை

இதில் பெரும்பாலானவர்கள் கூட்டின் விலையைத்தான் கணக்குப் பார்க்கிறார்கள். காலிக்கூடு கிலோ 1,000 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 2,800 கூடு என்றால் ஒன்று 36 காசு. ஒரு ரோஜாவுக்கு எட்டுக் கூடு, ஏறத்தாழ 3 ரூபாய். கம்பி, டேப், சாயம், பசை 6 ரூபாய். அட்டைப்பெட்டி 10 ரூபாய். கை பழகியவர் ஒரு ரோஜாவுக்கு 25 நிமிடம் எடுக்கிறார், மணிக்கு 80 ரூபாய் கூலி என்றால் 33 ரூபாய். மொத்தம் 52. கெட்டுப் போவதற்கு 5 சேர்த்தால் 57. கடையில் 100 ரூபாய்க்கு விற்று, கடைக்காரர் 40 எடுத்துக்கொண்டால் உங்களுக்கு 60 வரும். கூலி போக மிச்சம் 3 ரூபாய்தான். அதே ரோஜாவை நீங்களே நேரில் 100 ரூபாய்க்கு விற்றால் 43 மிஞ்சும்.

செலவில் கூட்டின் பங்கு எவ்வளவு சிறியது என்று பாருங்கள். அப்படியிருக்க, பழுப்பு ஊறிய கூட்டை வீணாக்க மனமில்லாமல் இதழாக்கி, முப்பது ரூபாய்க் கூலியையும் சேர்த்துக் கெடுத்துக்கொள்வது நியாயமில்லை. சந்தேகமான கூட்டைத் தாராளமாக ஒதுக்குங்கள். மிச்சம் பிடிக்க வேண்டியது நேரத்தில்தான். ஒரு நாள் முழுக்க இதழ் வெட்டுவது, மறுநாள் முழுக்க ஒட்டுவது என்று பிரித்துக்கொண்டால் 25 நிமிடம் 18 ஆகக் குறையும்.

எங்கே விற்பது

கன்னியாகுமரிக் கடற்கரைக் கடைகள்தான் முதலில் நினைவுக்கு வரும். அங்கே சங்கு, பாசி, வண்ண மணல் பொட்டலங்களுக்கு நடுவில் நம் பொருள் இருக்கப் போகிறது. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களும், கோடை விடுமுறையில் குடும்பங்களும் வருவார்கள். அவர்கள் பையில் நசுங்காத, விலை குறைந்த பொருளைத்தான் எடுப்பார்கள். சாவிக்கொத்து, சிறு கண்ணாடிக் குப்பிக்குள் ஒற்றைப் பிச்சி, இவை போகும். பெரிய பூங்கொத்து அங்கே தூசிதான் பிடிக்கும். விற்ற பின் பணம் என்று கடையில் வைப்பதானால், கொடுத்த எண்ணிக்கையைத் தேதியோடு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வெயில்படாத இடத்தில் வைக்கச் சொல்லியும் அதிலேயே எழுதுங்கள்.

என் அனுபவத்தில் நல்ல வருமானம் கல்யாண வேலைதான். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் கிறிஸ்தவக் கல்யாணங்களில் மணப்பெண் கையில் பொக்கே கட்டாயம். கல்யாணம் முடிந்தும் கண்ணாடிப் பேழையில் வைத்துக்கொள்ளலாம் என்பதால் பட்டுக்கூட்டுப் பொக்கேவுக்கு யோசிக்காமல் விலை கொடுக்கிறார்கள். சேலை நிறத்துக்கு ஏற்றபடி சாயம் போட்டுத் தர முடியும் என்பது நமக்குள்ள பலம். சேலையிலிருந்து ஒரு நூலையாவது வாங்கி வந்து, அதன் பக்கத்தில் வைத்து நிறம் சேருங்கள். செல்போன் படத்தை நம்பி நிறம் போட்டால் சண்டைதான் வரும். பாதிப் பணம் முன்பணமாக வாங்கிய பிறகுதான் கூட்டை நனைக்க வேண்டும்.

அடுத்தது கிறிஸ்துமஸ். கோட்டாறு சவேரியார் திருவிழா நவம்பர் கடைசியில் தொடங்கும்போதே ஊர் பண்டிகைக்குத் தயாராகிவிடும். குடில் பொம்மை, தேவதை, நட்சத்திரம் எல்லாம் அக்டோபருக்குள் செய்து முடித்திருக்க வேண்டும். பள்ளி, கல்லூரி விழாக்களில் விருந்தினருக்குக் கொடுக்கும் பூங்கொத்துக்கும் கேட்டுப் பாருங்கள். திருவனந்தபுரம் பக்கம்தான், ஓணத்துக்கு அங்கே கைவினைப் பொருள்கள் நன்றாகப் போகும்.

மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்தால், குழுப் பொருள்களை "மதி" என்ற பெயரில் விற்கும் ஏற்பாட்டையும் அரசுக் கண்காட்சி அரங்குகளையும் மகளிர் திட்ட அலுவலகத்தில் கேளுங்கள். மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைஞர் அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து வைப்பது நல்லது, கண்காட்சிகளில் இடம் கேட்க அது உதவும். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இணையத்தில் இலவசம், அதற்குக் காசு கேட்பவரிடம் கொடுக்காதீர்கள். கடன், மானியம் பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் போய் விசாரியுங்கள். மாநிலத்துக்குள் பொருள் மட்டும் விற்பவர்களுக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை.

இன்ஸ்டாகிராமில் போடும் படத்துக்குப் பெரிய கேமரா வேண்டாம். காலை எட்டு மணிக்குத் திண்ணையில், வெயில் விழாத வெளிச்சத்தில், கறுப்புத் துணி மேல் வைத்து எடுங்கள். பக்கத்தில் ஒரு நிஜப் பூவையோ ஐந்து ரூபாய் நாணயத்தையோ வையுங்கள், அளவு தெரியும். வாங்கியவர் "சின்னதாக இருக்கிறதே" என்று சொல்லும் குறை இதனால் நின்றுவிடும்.

புழுவைக் கொன்று எடுத்த கூடா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். துளைக்கூடு என்றால், பூச்சி தானாக வெளியே வந்த கூடு என்று நிம்மதியாகச் சொல்லலாம். விவசாயியிடம் வாங்கிப் புழுவை எடுத்த கூடு என்றால் அதையும் உள்ளபடியே சொல்லுங்கள். இரண்டையும் ஒரே டப்பாவில் கலக்காமல் வைத்தால்தான் இந்தப் பதிலை மெய்யாகச் சொல்ல முடியும்.

ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சிலிகா ஜெல் பொட்டலமும் ஒரு சிறு சீட்டும் போடுங்கள். சீட்டில் எழுத வேண்டியது மூன்று: தண்ணீர் படக் கூடாது, நேர் வெயிலில் வைக்கக் கூடாது, தூசியை மென்மையான தூரிகையால் தட்ட வேண்டும். அதன் கீழே உங்கள் பெயரும் போன் எண்ணும்.

தொடங்குவதற்கு நல்ல மாதம் மாசி. வெயில் நிதானமாக இருக்கும், கூடு தானே காயும். கோடைக்குள் இதழ்களை வெட்டிச் சாயமிட்டுக் காயவைத்துவிட்டால், சாரல் காலம் முழுக்க வீட்டுக்குள் உட்கார்ந்து ஒட்டுகிற வேலையை மட்டும் பார்க்கலாம். ஐப்பசி மழை இறங்கும்போது கிறிஸ்துமஸ் சரக்கு பெட்டிக்குள், பொட்டலத்தோடு, மூடியபடி இருக்க வேண்டும்.